ஓடும் வண்டியிடம் ஒரு கேள்வி: துவாஸ் முற்றத்துக்குள் ஓர் எட்டிப்பார்வை

ஓட்டுநர் அறை கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே சொல்ல முடியாது. தட்டையான ஒரு மேடை, அடியில் பெரிய பெரிய சக்கரங்கள், மேலே நாற்பதடிக் கொள்கலன் ஒன்று. சிங்கப்பூரின் மேற்கு முனையில், துவாஸ் துறைமுகத்தில், இப்படி 200-க்கும் மேற்பட்ட மின்கல வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஒன்று வளைகிறது, இன்னொன்று ஒதுங்கி நிற்கிறது, மூன்றாவது தானாகவே மின்னேற்றப் போகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது!

ஆனால் நான் உங்களை இங்கே அழைத்து வந்தது வண்டியைக் காட்ட மட்டுமில்லை. வண்டிகள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன, அதைக் கேட்கத்தான். நான் இங்கே இருக்கிறேன், என் முதுகில் இந்தக் கொள்கலன் இருக்கிறது, மின்கலத்தில் இவ்வளவு மிச்சம், எதிரே ஏதோ தடை. ஒவ்வொரு வண்டியும் தகவலைப் பிறப்பிக்கிறது, பிறப்பித்துக்கொண்டே ஓடுகிறது. இதில்தான் கணினி வலையமைப்பு ஆராய்ச்சியின் மிக அழகான புதிர்களில் ஒன்று ஒளிந்திருக்கிறது. தகவல் தருபவரே ஒரு இடத்தில் நிற்காவிட்டால், அவரிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

வாருங்கள், உள்ளே போவோம்.

கடலாக இருந்த முற்றம்

முதலில் காலடியில் இருப்பதைப் பாருங்கள். துறைமுகத்தின் முதல் கட்ட நிலத்தில் பெரும்பகுதி 2015-க்கு முன் கடல். பத்து மாடி உயரத்தில், 28 மீட்டருக்கு, கான்கிரீட் பெட்டிகளை வார்த்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 டன் எடையுள்ள அவற்றில் 221-ஐ வரிசையாக இறக்கிக் கடலோரச் சுவராக்கினார்கள். 2021 டிசம்பரில் முதல் இரண்டு கப்பல் தளங்கள் வேலையைத் தொடங்கின. 2022 செப்டம்பர் 1 அன்று அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் துறைமுகத்தை முறைப்படி திறந்துவைத்தார். 2025 பிப்ரவரிக்குள் துவாஸ் மட்டுமே 1 கோடி கொள்கலன்களைக் கையாண்டு முடித்திருந்தது. இருபதடி நீளத்தை ஓர் அலகாக வைத்து எண்ணும் கணக்கு இது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் 2027-க்குள் இங்கே இடம்பெயர வேண்டும். 2040-களில் எல்லாக் கட்டங்களும் முடியும்போது 66 தளங்கள், 26 கிலோமீட்டர் கரை, ஆண்டுக்கு ஆறரைக் கோடி கொள்கலன்! 2024-இல் சிங்கப்பூர் முழுவதும் சேர்ந்து கையாண்டதே 4.11 கோடிதான்.

இங்கே எதுவுமே ஒரு இடத்தில் நிற்பதில்லை. கப்பல் வருகிறது, போகிறது. பாரந்தூக்கி தண்டவாளத்தில் நகர்கிறது. வண்டி ஓடுகிறது. பெட்டியோ ஒரு கப்பலில் இறங்கி, அடுக்கில் சில நாள் காத்திருந்து, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடுகிறது. இவ்வளவு நகர்வுக்கு நடுவே எதுவும் தொலையாமல் இருப்பது எப்படி?

பெயர் மாறாது

ஒரு கொள்கலனின் கதவுப் பக்கம் போய் நில்லுங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக இன்னொரு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரைச் சொல்லும். நான்காவது எழுத்து ‘யூ’ என்றால் சரக்குக் கொள்கலன். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்ப்பு இலக்கம். யாராவது ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் பெரும்பாலும் கணக்கு உதைக்கும், கணினி கண்டுபிடித்துவிடும். பாரிஸில் 1933-இல் தொடங்கிய பன்னாட்டுக் கொள்கலன் அலுவலகம்தான் உரிமையாளர் குறியீடுகளைப் பதிவுசெய்கிறது.

கப்பலுக்கும் இதே ஏற்பாடு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க எண், 1996-இலிருந்து கட்டாயம். கப்பலின் பெயர் மாறலாம், கொடி மாறலாம், முதலாளி மாறலாம். இந்த எண் மட்டும் கப்பல் உடைக்கப்படும் நாள்வரை மாறாது. அதன் சரிபார்ப்புக் கணக்கு அவ்வளவு எளிது, உடனே போட்டுப் பார்த்துவிடலாம். 9074729 என்ற எண்ணை எடுங்கள். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139. கடைசி இலக்கம் 9. எண்ணின் கடைசி இலக்கமும் 9! துறைமுகத்தில் நிற்கும் எந்தச் சரக்குக் கப்பலின் எண்ணிலும் இதைச் சோதிக்கலாம். நான் படம் கிடைக்கும் கப்பலுக்கெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அலுக்கவே மாட்டேன் என்கிறது.

கவனித்தீர்களா? துறைமுகம் பொருளுக்குப் பெயர் வைக்கிறது, இடத்துக்கு அல்ல. “மூன்றாம் வரிசையில் ஐந்தாவது பெட்டி” என்று ஒரு பெட்டியை உலகம் முழுக்க அழைத்தால் என்ன ஆகும்? அடுத்த துறைமுகத்தில் அதே இடத்தில் வேறு பெட்டி இருக்கும்.

இன்றைய இணையம் நேரெதிர். அதன் அடிப்படையில் இருப்பது முகவரி. எந்தக் கணினி, வலையமைப்பின் எந்த மூலையில் என்பதே அதற்குத் தெரியும். 1970-களில் அந்த முறையை வகுத்தபோது ஒரு கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்தது. அது எழுந்து ஓடும் என்று பெரும்பாலும் யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

“எங்கே?” என்று கேட்காதே, “என்ன?” என்று கேள்

1986 அக்டோபரில் இணையம் முதன்முறையாக நெரிசலில் மூச்சுத் திணறியது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே, சில நூறு கஜங்களில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்குச் சரிந்தது. அதை ஆராய்ந்து நெரிசல் கட்டுப்பாட்டு முறையைத் தந்தவர்களில் முதன்மையானவர் வான் ஜேக்கப்சன். அதே மனிதர்தான் இருபது ஆண்டு கழித்து, 2006-இல் கூகுளில் நிகழ்த்திய ஓர் உரையில், இணையத்தின் அடித்தளத்தையே மாற்றி யோசிக்கச் சொன்னார். 2009-இல் டயானா ஸ்மெட்டர்ஸ் முதலியோருடன் சேர்ந்து, பார்க் ஆய்வகத்திலிருந்து அதை முழு வடிவமைப்பாக வெளியிட்டார். அதுதான் உள்ளடக்க மைய வலையமைப்பு. 2010-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி தர, லிக்சியா சாங் முன்னின்று நடத்திய பெயரிட்ட தரவு வலையமைப்புத் திட்டம் அதை வளர்த்தது. 2019 ஜூலையில் உள்ளடக்க மைய வலையமைப்பின் விதிமுறைகள் இணைய ஆராய்ச்சிப் பணிக்குழுவின் சோதனை ஆவணங்களாக வெளிவந்தன.

யோசனை இவ்வளவுதான். கணினிக்கு முகவரி வேண்டாம். தரவுக்குப் பெயர் கொடு. துவாஸுக்காக நானே ஒரு பெயர் வைத்துப் பார்க்கிறேன்: /துவாஸ்/முற்றம்/வண்டி57/மின்கலம். இந்தப் பெயரைச் சுமந்து ஒரு கேட்புப் பொதி கிளம்புகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரிடமும் மூன்று பொருள் இருக்கும். கைவசமுள்ள தரவின் சேமிப்பகம். இந்தப் பெயரை எந்தப் பக்கம் அனுப்புவது என்ற வழிப் பட்டியல். யார் யார் எதைக் கேட்டு இன்னும் பதில் வரவில்லை என்ற நிலுவைப் பட்டியல். சேமிப்பகத்தில் பிரதி இருந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிடும். இல்லாவிட்டால் கேட்பு முன்னே போகும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற குறிப்பு நிலுவையில் நிற்கும். தரவு கிடைத்ததும் அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே கேட்டவரிடம் திரும்பி வந்துவிடும்.

கேட்டவரின் முகவரி இதில் எங்குமே இல்லை! ஆகவே கேட்பவர் நகர்ந்தால் துளியும் கவலை இல்லை. புது இடத்துக்குப் போய் அதே பெயரை மறுபடி கேட்டால் போதும், பாதி வழியில் இருக்கும் பிரதியே கிடைத்துவிடக்கூடும். துவாஸின் ஊழியர் விடுதி ஒன்றில் ஆயிரம் பேர் ஒரே படத்தின் முன்னோட்டத்தைக் கேட்டாலும் வெளியிலிருந்து ஒரே ஒரு பிரதி வந்தால் போதும்.

எல்லாம் இனிக்கிறது அல்லவா? இனித்தான் முள் வருகிறது.

தருபவர் ஓடினால்?

வண்டி 57 ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறது. ரூட்டர்களின் வழிப் பட்டியல் எல்லாம் அந்தக் கோபுரத்தைக் காட்டுகின்றன. வண்டி முற்றத்தின் மறுபக்கம் போய் இன்னொரு கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேட்புகளோ பழைய கோபுரத்துக்கே போய் ஆளில்லாத வாசலில் நிற்கின்றன. பெயர் சரி, வழி பொய்.

ஒவ்வொரு முறை நகரும்போதும் எல்லா ரூட்டருக்கும் அறிவித்துவிட்டால் என்ன? 200 வண்டிகள், ஓயாத நகர்வு, ஒவ்வொன்றுக்கும் ஊர் முழுக்க அறிவிப்பு. வலையமைப்புக்கு அறிவிப்பைச் சுமக்கவே நேரம் போதாது. இதுவே நகரம் முழுவதும் கோடிக்கணக்கான கைப்பேசிகள் என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம். இங்கே ஆராய்ச்சியாளர்கள் நான்கு வழிகளில் புகுந்து விளையாடியிருக்கிறார்கள்.

முதல் வழி, விசாரணை மேசை. வண்டி தன் இருப்பிடத்தை ஒரு நிலையான இடத்தில் பதிந்துவிட்டுப் போகும். கேட்பவர் முதலில் அங்கே விசாரித்து, பிறகு வண்டியைத் தேடுவார். எளிதானது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் கூடுதலாக ஒரு பயணம். விசாரித்து முடிப்பதற்குள் வண்டி மறுபடி இடம் மாறியிருக்கலாம்.

இரண்டாவது, சுரங்க வழி. வண்டிக்கு ஒரு நிலையான பிரதிநிதி. கேட்பெல்லாம் அவரிடம் வரும், அவர் அதை உறையிலிட்டு வண்டி இருக்கும் இடத்துக்கு அனுப்புவார். 1996-இல் சார்லஸ் பெர்கின்ஸ் தொகுத்த நகரும் கணினிக்கான இணைய விதிமுறை இந்த வகைதான். நம் கைப்பேசி வலையமைப்பும் இதன் உறவுதான். ஞாயிற்றுக்கிழமை துவாஸ் லிங்க் நிலையத்தில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்காவுக்குப் போகும் ஓர் ஊழியரைப் பாருங்கள். வழியெல்லாம் ஊரோடு வீடியோ அழைப்பு.

“அம்மா, கேக்குதா?”

“கேக்குது ராசா, மூஞ்சிதான் நின்னு நின்னு வருது.”

இங்கே படத்தைத் தருபவர் ரயிலோடு ஓடிக்கொண்டிருக்கும் மகன். கோபுரம் கோபுரமாக மாறினாலும் அழைப்பு அறுந்துபோகாமல் காப்பது அந்தச் சுரங்கம்தான். அதன் குறை, சுற்றுப்பாதை. அடுத்த வண்டியிடம் கேட்கிற கேள்விகூடப் பிரதிநிதியின் வாசல்வரை போய்த்தான் திரும்ப வேண்டும். அந்த வாசல் அடைத்துக்கொண்டால் எல்லாமே நிற்கும்.

மூன்றாவது, தடம் விட்டுப் போவது. எனக்கு உயிர் இதில்தான்! யூ சாங், ஹோங்லி சாங், லிக்சியா சாங் மூவரும் 2014-இல் தந்த ‘கைட்’ என்ற முறையில், நகரும் கருவி ஒரு நிலையான சேவையகத்தை நோக்கி அவ்வப்போது கேட்பு அனுப்பும். அது போகும் வழியெல்லாம் நிலுவைப் பட்டியலில் குறிப்பு விழும் அல்லவா? அந்தக் குறிப்புகளையே பிடித்துக்கொண்டு மற்றவர்களின் கேட்புகள் கருவியிடம் வந்து சேரும். இன்னொரு முறை ‘மேப்-மீ’. ஜோர்தான் ஓஷே, ஜியோவன்னா கரோஃபீலியோ, லூகா முஸ்கரியெல்லோ முதலியோர் உருவாக்கி 2018-இல் விரிவாக வெளியிட்டது. அதில் வண்டி புது கோபுரத்தைத் தொட்டவுடன், தன் பெயருக்கே ஒரு கேட்பை அனுப்புகிறது! வழிப் பட்டியல்கள் இன்னும் பழைய கோபுரத்தைத்தானே காட்டுகின்றன? அதனால் அந்தப் பொதி நேரே பழைய இடத்துக்கு ஓடுகிறது. ஓடும் வழியில் ஒவ்வொரு ரூட்டரிலும் அம்புக்குறியைத் திருப்பிவிட்டுக்கொண்டே போகிறது. வீடு மாறிய ஒருவர் பழைய தெருவரைக்கும் ஒருமுறை நடந்துபோய், வழியிலுள்ள கடைக்காரர்களிடம் மட்டும் “இனிமே என்னைத் தேடி வந்தா இந்தப் பக்கம் அனுப்புங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வருவதைப் போல. ஊர் முழுக்கத் தண்டோரா வேண்டாம். நடுவில் பிரதிநிதியும் வேண்டாம். பொதியில் ஒரு வரிசை எண் இருக்கும். வேகமாக இரண்டு முறை நகர்ந்துவிட்டால் எந்தச் சேதி புதியது என்பதில் குழப்பம் வராது. தவறாகிப்போன வழியையே வழிகாட்டியாக்கிக்கொண்ட இந்த யோசனையை முதலில் படித்தபோது எழுந்து கைதட்டத் தோன்றியது.

நான்காவது, வண்டியைத் துரத்தாமலே இருப்பது. தரவைப் பிறந்தவுடன் ஒரு நிலையான கிடங்கில் போட்டுவிட்டால், கேட்பவர் கிடங்கில் கேட்டுக்கொள்ளலாம். அல்லது கேள்வியையே மாற்றலாம்: “வண்டி 57 என்ன பார்க்கிறது?” என்பதை விட்டு, “ஏழாம் சந்திப்பில் தடை இருக்கிறதா?” என்று கேட்டால், அப்போது அந்தச் சந்திப்பில் இருக்கும் எந்த வண்டியும் பதில் சொல்லலாம். கார்களுக்கிடையே பெயர்வழித் தரவைப் பரிமாறும் முறையை 2014-இல் வெளியிட்ட ஜூலியோ கிராஸி, ஜியோவான்னி பாவ், லிக்சியா சாங் முதலியோரின் ஆய்வு இந்தத் திசையில் போனது. ஒரு வண்டி போனால் அடுத்தது வரும். சந்திப்பு அங்கேயேதான் இருக்கும்.

பொய் சொல்லும் வண்டி

இங்கே ஒரு பயங்கரமும் உண்டு. “நான்தான் வண்டி 57, இப்போது இங்கே இருக்கிறேன், எல்லாவற்றையும் என் பக்கம் திருப்புங்கள்” என்று வேறு எதுவோ கூவினால்? அம்புக்குறிகள் எல்லாம் அதன் பக்கம் திரும்பிவிடும். நிஜ வண்டியின் குரல் யாருக்கும் கேட்காது. பல டன் பெட்டிகளைச் சுமக்கும் வண்டிகள் திரியும் முற்றத்தில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

தரவைப் பொறுத்தவரை, உள்ளடக்க மைய வலையமைப்பு பிறக்கும்போதே அரணோடு பிறந்தது. ஒவ்வொரு தரவுப் பொதியையும் அதைப் பிறப்பித்தவர் எண்முறைக் கையொப்பமிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எந்த ரூட்டரின் சேமிப்பகத்திலிருந்து வந்தாலும், எத்தனை கை மாறி வந்தாலும், பெறுபவர் கையொப்பத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கொள்கலனின் சரிபார்ப்பு இலக்கம் தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும்; இந்தக் கையொப்பம் போலியையும் பிடிக்கும். ஆனால் தரவுக்குக் கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது. “நான் இடம் மாறினேன்” என்கிற அறிவிப்பையும் சரிபார்க்க வேண்டும், அதையும் வண்டி அடுத்த வளைவைத் தொடுவதற்குள் முடிக்க வேண்டும். இன்றும் ஆய்வாளர்கள் மல்லுக்கட்டும் இடம் இது.

அப்படியானால் துவாஸுக்கு எது?

இன்று துவாஸ் வண்டிகளுக்கு, அவை இருக்கும் இடத்தைச் சாலையில் பதித்த வானலைச் சில்லுகள் சொல்கின்றன; கம்பியில்லாக் கைப்பேசி வலையமைப்பு வண்டிகளை மைய மேலாண்மை அமைப்போடு இணைக்கிறது. அந்த வலையமைப்பு முகவரி முறையில்தான் ஓடுகிறது, அதுவும் அருமையாகவே ஓடுகிறது. நான் கேட்பது அடுத்த கேள்வி. இன்று 200 வண்டி; ஆறரைக் கோடி கொள்கலன் வரும் நாளில் எத்தனை வண்டி, எத்தனை கேமரா, எத்தனை உணரி! எல்லாமே பேசும், எல்லாமே நகரும், பல பேருக்கு ஒரே சேதி வேண்டும்.

இந்த நான்கு வழிகளில் ஒன்றுதான் வெல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. தரவின் குணத்தைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. மின்கல நிலவரமும் பழுதுப் பதிவுகளும் ஒரு நொடி தாமதித்தால் குடி முழுகாது. கிடங்கில் போட்டுவிடலாம், வண்டி மின்னேறிக்கொண்டிருந்தாலும் அணைந்திருந்தாலும் பதில் கிடைக்கும். சந்திப்பில் தடை என்பது இடத்துக்குச் சொந்தமான சேதி. இடத்தின் பெயரால் கேட்கலாம். வண்டியின் நேரடிக் கேமராப் படமோ அந்த ஒரு வண்டியிடம் மட்டும்தான் இருக்கிறது, இந்தக் கணமே வேண்டும். தடம் விட்டுப் போகும் முறைதான் அதற்குக் கைகொடுக்கும். அழகு என்னவென்றால், மூன்றுக்கும் பெயர் ஒன்றே அடிப்படை. பெயரை இடத்திலிருந்து விடுவித்துவிட்டால், தேடும் உத்தியைத் தரவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது.

1972 ஜூன் 23 அன்று ‘நிஹோன்’ என்ற கப்பல் சிங்கப்பூரின் முதல் கொள்கலன் முனையமான தஞ்சோங் பகாரில் 300 கொள்கலன்களோடு வந்து நின்றது. அதன்பிறகான அரை நூற்றாண்டில் துறைமுகம் கற்றுக்கொண்ட, பொருளுக்குப் பெயர் வைக்கும் பாடத்தை வலையமைப்பு இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத் துவாஸ் வாசலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த செய்தி. பெயரிட்ட தரவு வலையமைப்பின் பாவனைக் கருவியான ‘என்டிஎன்சிம்’ இலவசம், அதன் நிரல் யாருக்கும் திறந்தே கிடக்கிறது. சென்னை கிண்டியில் படித்தாலும் சிங்கப்பூர் கெண்ட் ரிட்ஜில் படித்தாலும் ஒரு மடிக்கணினி இருந்தால் ஆரம்பித்துவிடலாம். முற்றத்தின் வரைபடம் ஒன்றைப் போடுங்கள். பத்துக் கோபுரம் நடுங்கள். 200 வண்டிகளை ஓடவிடுங்கள். நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாக மாட்டி, மூன்றே மூன்றை அளவெடுங்கள்: எத்தனை கேள்வி பதிலில்லாமல் போயிற்று, பதில் வர எவ்வளவு நேரம் ஆயிற்று, வழி திருப்பும் சேதிகள் எத்தனை பறந்தன. அப்புறம் வண்டிகளை 2,000 ஆக்கி மறுபடி ஓடவிடுங்கள். முதல் சுற்றில் ஜெயித்த முறை இரண்டாம் சுற்றிலும் ஜெயிக்கிறதா என்று பார்க்க எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. யாராவது செய்து முடித்தால், முடிவைத் தமிழிலும் எழுதுங்கள்!